சக்கைக்குள் சர்க்கரை இருக்க, அரிசியைக் காய்ச்சுவது ஏன்?

பீர் ஆலையில் கழித்துப் போடுகிற தானியச் சக்கையிலிருந்து மோட்டார் வண்டிக்கு எரிபொருள் எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக் கூடங்களில் எடுத்தும் காட்டியிருக்கிறார்கள். சில வாரங்களுக்கு முன்பு திருவள்ளூர்ப் பக்கத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, இந்தச் செய்தியை நாம் உற்சாகத்தோடு சொன்னோம். கேட்டவர்களிடம் அந்த உற்சாகம் பிறக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து நின்றார்.

"ஏன் தோழர், அந்தச் சக்கையையும் வண்டிக்கு ஊத்திட்டா எங்க மாட்டுக்கு என்னத்த வைக்கிறது?"

"அதற்கும் வழி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். அது பதில் அல்ல, சமாளிப்பு. ஆலைகள் இருக்கிற வட்டாரத்தில் ஒரு பசுவோ இரண்டு பசுவோ வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற நிலமற்ற குடும்பங்கள் அந்தச் சக்கையை நம்பித்தான் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், பத்திரிகையில் படித்த புதுமையைச் சொல்லும் ஆசையில் அதை மறந்தோம். அந்த அம்மாளுக்கு உரிய பதிலை இப்போது சொல்ல முயல்கிறோம். நாம் படித்தது மெட்ரிகுலேஷன் வரைதான். ஆனாலும் இது ஆலையிலும் வயலிலும் உழைக்கிறவர்களுக்கு விளங்காத வித்தை அல்ல.

சக்கை பிறக்கும் இடம்

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, அனலில் உலர்த்தி, உடைத்து வெந்நீரில் போடுகிறார்கள். கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிற தாய்மார்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. தானியம் முளைவிடும்போது அதற்குள் என்சைம் என்கிற நொதிப்பொருள் உண்டாகிறது. அது மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. அதனால்தான் முளைகட்டிய மாவுக் கஞ்சி இனிக்கிறது. பீர் ஆலைக்காரர்கள் அந்த இனிப்பு நீரை மட்டும் வடித்தெடுத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். வடித்த பிறகு தொட்டியில் தங்குவது சக்கை. 100 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். (பீரைப் பற்றி நமக்கு என்ன அபிப்பிராயம் என்பது வேறு விஷயம். கூலி நாளன்று சாராயக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை நம் வாசகர்களின் மனைவிமார்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.)

அந்தச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர வைத்தால் மிஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ புரதம். ஏறத்தாழப் பாதி நார்ப்பொருள். மாவு போய்விட்டது, இனிப்பும் போய்விட்டது. பிறகு இதில் சர்க்கரை எங்கிருந்து வரும்?

அந்த நாருக்குள்தான் இருக்கிறது. பஞ்சாலைத் தோழர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். செல்லுலோஸ் என்று இரசாயனத்தில் சொல்வது, குளுகோஸ் சர்க்கரைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த சங்கிலி. நாள் முழுதும் உங்கள் கையில் புரள்கிற பஞ்சு பெரும்பாலும் செல்லுலோஸ்தான். மாவுப்பொருளும் அதே சர்க்கரையால் ஆனதுதான். கோத்திருக்கும் விதம்தான் வேறு. மாவுப்பொருள் லேசாக முறுக்கிய நூல் மாதிரி, இழுத்தால் பிரியும். செல்லுலோஸ் இறுக முறுக்கேற்றி, பல இழை சேர்த்து, மேலே பசையும் பூசிய நூல் மாதிரி. மனிதனுடைய குடலால் அதைப் பிரிக்க முடியாது. மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களால் முடியும். வைக்கோலைத் தின்று மாடு பால் கொடுக்கிறது. நாம் வைக்கோலைத் தின்றால் வயிற்றுவலிதான் மிச்சம்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

இந்த முறுக்கைப் பிரிக்கும் முயற்சி இன்று நேற்று தொடங்கியதல்ல. 1819-ம் ஆண்டிலேயே பிரான்ஸ் தேசத்து ஹென்றி பிராக்கோனோ என்பவர் கந்தலையும் மரத்தையும் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். கட்டிக் கிழித்த துணியிலிருந்து சர்க்கரை! முதல் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் மரத்தூளிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகள் ஓடின. சோவியத் நாட்டில் 1930-களிலிருந்து இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. மர அறுவை ஆலைகளில் மிஞ்சிய தூளையும் சிம்புகளையும் அமிலம் கலந்து வேகவைத்து, சர்க்கரையாக்கி, அதிலிருந்து சாராயம் எடுத்தார்கள். உணவுத் தானியத்தைத் தொடாமல் தொழிலுக்கு வேண்டிய சாராயத்தை எடுப்பது நோக்கம். அங்கே சாராயத்திலிருந்து செயற்கை ரப்பரும் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஆலைகளில் குறை இல்லாமல் இல்லை. அமிலக் கழிவும், குன்று குன்றாகக் குவிந்த லிக்னின் என்கிற மரப்பசைக் கழிவும் பெருந்தொல்லையாக இருந்தன. 1991-க்குப் பிறகு பெரும்பாலானவை மூடப்பட்டன. அவற்றில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

அமிலத்துக்குப் பதிலாக வேறொரு வழி தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் இறங்கிய அமெரிக்கத் துருப்புகளின் பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் மழையில் நனைந்து, நூல் நூலாக இற்றுப்போயின. இவற்றைத் தின்றது யார் என்று தேடினார்கள். ஒரு பூஞ்சை அகப்பட்டது. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் என்ற இருவர் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அந்தப் பூஞ்சை செல்லுலேஸ் என்ற என்சைமைச் சுரந்து பஞ்சைச் சர்க்கரையாக்கித் தின்கிறது என்று தெரிந்தது. ரீஸின் பெயரால் அதற்கு டிரைக்கோடெர்மா ரீஸி என்று பெயர். கூடாரத்தைக் காப்பாற்றப் போனவர்கள், கூடாரத்தைச் சர்க்கரையாக்கும் வழியைக் கண்டுகொண்டு வந்தார்கள்.

இது எங்கோ தூரத்து விஷயம் என்று திருப்பூர்த் தோழர்கள் நினைக்க வேண்டாம். பனியன் துணியின் மேலே நிற்கிற பிசிறைப் போக்க, வாஷிங் பட்டறைகளில் 'பயோ வாஷ்' என்று ஒரு வேலை நடக்கிறதே, அங்கே தொட்டியில் ஊற்றுவது இந்த செல்லுலேஸ் வகை என்சைம்தான். அது பிசிறை மட்டும் கடித்துவிட்டு நிறுத்துமாறு நேரத்தையும் சூட்டையும் பார்த்து வேலை செய்கிறீர்கள். நேரம் தப்பினால் துணியே பலம் குன்றிப்போகும். சக்கையிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் அதே என்சைமை நிறுத்தாமல் கடைசிவரை கடிக்க விடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்கு முன் சக்கையை நீர்த்த அமிலத்திலோ, பெரும் அழுத்தமுள்ள நீராவியிலோ வேகவைத்து முறுக்கைத் தளர்த்த வேண்டும். பிறகு என்சைம், பிறகு ஈஸ்ட், பிறகு வடித்தல். இதில் ஒரு முடிச்சு உண்டு. சக்கை நாரிலிருந்து வருவது குளுகோஸ் மட்டுமல்ல. சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரையும் கணிசமாக வருகிறது. வழக்கமான ஈஸ்ட் அதைத் தொடாது. 1990-களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ என்ற விஞ்ஞானி, வேறு உயிரின் குணத்தை ஈஸ்டுக்குள் புகுத்தி அதையும் தின்ன வைத்தார். ஸ்காட்லாந்தில் வேறு வழி பிடித்தார்கள். விஸ்கி ஆலையின் பார்லிச் சக்கையை ஒருவகை பாக்டீரியாவிடம் கொடுத்து பியூட்டனால் என்ற எரிபொருளை எடுத்து, 2017-ல் ஒரு காரை அதில் ஓட்டிக் காட்டினார்கள்.

ஆகவே விஞ்ஞானம் பொய் சொல்லவில்லை.

ஒரு டன் சக்கையின் கணக்கு

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு டன் ஈரச் சக்கையில் தண்ணீர் போக மிஞ்சுவது ஏறத்தாழ 220 கிலோ. அதில் பாதி, 110 கிலோ, சர்க்கரையாக மாறக்கூடிய நார். ஒரு துளியும் வீணாகாமல் எல்லாம் சர்க்கரையாகி, எல்லாச் சர்க்கரையும் சாராயமானாலும் கிடைப்பது சுமார் 80 லிட்டர். நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்த 220 கிலோவில் 45 கிலோ அளவுக்குப் புரதமும் இருக்கிறது. பிண்ணாக்கு வாங்க வசதியில்லாத வீட்டில் பசுவின் மடியை நிரப்புவது அதுதான்.

ஒரு பக்கம் 80 லிட்டருக்கும் குறைவான எரிபொருள். மறுபக்கம் பல குடும்பங்களின் பசுக்களுக்குத் தீவனம். பார்லியின் சக்கை கழிவு என்று யார் சொல்கிறார்கள்? ஆலையின் முன்வாசலில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். காலையில் பின்வாசலுக்குப் போய்ப் பாருங்கள். குட்டியானை வண்டியும் டிராக்டரும் வரிசையில் நிற்கும். ஆவி பறக்கும் சக்கையை டிரம்மில் அள்ளிக்கொண்டு போவார்கள். இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூசணம் பிடித்துவிடும், பூசணம் பிடித்ததை வைத்தால் மாட்டுக்கு நோவு வரும் என்பதால் அவ்வளவு அவசரம். அங்கே அது ஒருபோதும் கழிவு அல்ல. தவிட்டையும் பிண்ணாக்கையும் போல அதுவும் தீவனம்.

அதனால் இந்த எரிபொருள் வேண்டாமென்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. இங்கேதான் அந்த சோவியத் ஆலைகளின் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். வழக்கமான ஈஸ்ட் தின்னாத சைலோஸ் சர்க்கரையை அவர்கள் கொட்டிவிடவில்லை. அதைத் தின்று வளரும் வேறொரு வகை ஈஸ்டை அதில் வளர்த்து, உலர்த்தி, மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாக அனுப்பினார்கள். ஒரே மரத்தூளிலிருந்து எரிசாராயமும் வந்தது, தீவனமும் வந்தது. பார்லிச் சக்கையில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் புரதம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. புரதத்தை முதலில் பிரித்தெடுத்துத் தீவனத்துக்கு அனுப்பிவிட்டு, மாட்டுக்கு அதிகம் உதவாத உமி நாரை மட்டும் எரிபொருளுக்கு அனுப்பலாம். புரதத்தைப் பிரிக்கும் முறைகளையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாடா, மோட்டாரா என்று சண்டை மூட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆலைக்குச் செலவு சற்றுக் கூடும், லாபம் சற்றுக் குறையும். அதைத் தவிர இதற்கு வேறு தடை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

அரிசி எப்படி வந்தது இங்கே?

சக்கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, நம் தேசத்தில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எதிலிருந்து வருகிறது? முன்பு கரும்பு வெல்லப்பாகிலிருந்து வந்தது. 2018-ல் மத்திய சர்க்கார் உயிரி எரிபொருள் கொள்கை கொண்டுவந்தது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2030 என்று முதலில் வைத்த கெடுவை 2022-ல் 2025-26 என்று முன்னுக்கு இழுத்தார்கள். 2025-ல் அந்த 20 சதவீதத்தை எட்டியும் விட்டார்கள். எப்படி எட்டினார்கள்? தானியத்தைக் கொண்டு. முதலிடம் மக்காச்சோளத்துக்கு. அதன் விலை ஏறி, கோழி வளர்ப்பவர்கள் கூக்குரல் எழுப்பினார்கள். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த தேசம் 2024-ல் இறக்குமதி செய்தது. மக்காச்சோளம் பயிரிட்ட விவசாயிக்கு நல்ல விலை கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. அவனுக்கு அது கிடைக்கட்டும்.

நாம் கேட்பது அரிசியைப் பற்றி. உணவுக் கழகத்தின் கிடங்கிலிருக்கும் அரிசியைச் சாராய ஆலைகளுக்குக் கொடுக்க 2020-ல் அனுமதித்தார்கள். 2023 ஜூனில் ஒரு கூத்து நடந்தது. ரேஷனில் கூடுதலாக அரிசி கொடுக்க, கிலோ 34 ரூபாய் விலையில் வாங்கிக்கொள்கிறோம் என்று கர்நாடக சர்க்கார் கேட்டது. ராஜ்ய சர்க்கார்களுக்கு அந்தத் திட்டத்தில் விற்பனையை நிறுத்திவிட்டோம் என்று மத்திய சர்க்கார் கைவிரித்தது. அதே சமயம் சாராய ஆலைகளுக்குக் கிலோ 20 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அதையும் நிறுத்தினார்கள், 2024-ல் மறுபடி திறந்தார்கள். 2025 ஜனவரியில் கிலோ 22 ரூபாய் 50 காசு என்று விலை வைத்தார்கள். ராஜ்யங்களுக்கும் அந்த விலைக்குக் கொடுக்க அப்போது சம்மதித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் அந்த அரிசியைக் கொள்முதல் செய்து, அரைத்து, மூட்டை கட்டி, கிடங்கில் வைக்க உணவுக் கழகத்துக்கு ஆகும் செலவு கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய். 2024-25 எத்தனால் ஆண்டுக்கு ஒதுக்கியது 52 லட்சம் டன். அவ்வளவும் போனால் வித்தியாசம் மட்டும் ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய். இது யாருடைய பணம்?

ஒரு டன் அரிசிக்குச் சுமார் 450 லிட்டர் எத்தனால் வரும். அந்தியோதயா கார்டுள்ள குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ அரிசி. அதைக் காய்ச்சினால் 16 லிட்டர்கூட வராது. ஒரு சிறிய காரின் பெட்ரோல் தொட்டியில் பாதிகூட நிரம்பாது. ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு, ஒரு காரின் அரைத் தொட்டி!

'கிடங்கு நிரம்பி வழிகிறது, வைத்திருந்தால் புழுத்துப்போகும், எலி தின்னும், எண்ணெய்க்கு அந்நிய நாட்டுக்குப் பணம் போகிறதே' என்று வாதிக்கிறார்கள். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான், அது உண்மை. கிடங்கு நிரம்பியிருந்ததும் உண்மை. நிரம்பிய கிடங்கைக் காலி செய்ய எத்தனையோ வாசல் உண்டு. ரேஷன் அளவைக் கூட்டலாம், பள்ளிச் சாப்பாட்டைப் பெருக்கலாம், சாலை, ஏரி வேலைக்குக் கூலியோடு அரிசியும் அளக்கலாம். சாராய ஆலையின் வாசல்தான் கண்ணில் பட்டது என்றால், அந்தக் கண்ணைப் பற்றித்தான் சந்தேகம்.

இந்த விஷயத்தில் ஏகாதிபத்தியப் பிரிட்டன்கூட யுத்த காலத்தில் சற்று யோசித்தது. முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோனை மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துத் தானியம் அருமையானபோது, 1917-ல் பள்ளிப் பிள்ளைகளை விட்டுக் காட்டுச் செஸ்ட்நட் காய்களைப் பொறுக்கச் செய்து அதைக் கொண்டு முயன்றார்கள். அது சரியாக வரவில்லை. ஆனாலும் எதை முதலில் விட்டுக்கொடுப்பது என்பதில் அவர்களுக்கு ஒரு முறை இருந்தது.

வைக்கோலுக்கு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு

சக்கை, வைக்கோல், மரத்தூள் இவற்றிலிருந்து எடுக்கும் வித்தை நம் தேசத்தில் இல்லாமலா போயிற்று? மும்பை மாதுங்காவில் உள்ள ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சர்க்கார் செலவில் நம் விஞ்ஞானிகள் செய்த ஆராய்ச்சியின் பலனாக, 2016-ல் காசிப்பூரில் நாளொன்றுக்கு 10 டன் நார்ப்பொருளைக் கையாளும் சோதனை ஆலை தொடங்கியது. பொதுத்துறை இந்தியன் ஆயில், ஹரியானாவில் பானிப்பட்டில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு வைக்கோல் ஆலை அமைத்தது. 2022 ஆகஸ்ட் 10-ம் தேதி அதைத் திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அஸ்ஸாமில் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

நல்லது. ஆனால் ஒரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். பானிப்பட்டில் வைக்கோலுக்குத் திட்டம் 3 கோடி லிட்டர். ஒரே ஆண்டில் ஒதுக்கிய 52 லட்சம் டன் அரிசிக்கு 234 கோடி லிட்டர். சர்க்காரின் கை எந்தப் பக்கம் தாராளம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அரிசியைக் காய்ச்சுவது சுலபம். மாவு, என்சைம், ஈஸ்ட், முடிந்தது. ஆலை போடுகிறவனுக்குப் போட்ட முதல் சீக்கிரம் திரும்புகிறது. நாரிலிருந்து எடுப்பது கஷ்டம், செலவு, பொறுமை வேண்டும். அதற்கான என்சைமின் உலக வியாபாரத்திலும் பெரும்பங்கு டென்மார்க்கின் நோவோசைம்ஸ் போன்ற சில கம்பெனிகளின் கையில். அந்தக் கம்பெனிக்கு 2024 முதல் நோவோனெசிஸ் என்று பெயர். கஷ்டமான வேலையைப் பொதுத்துறை செய்யட்டும், சுலபமான லாபத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பது முதலாளிகளுக்குப் புதிய சித்தாந்தம் அல்ல.

வைக்கோல் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடை இயந்திரம் ஓடியபின் வயலில் நிற்கும் தாளை, கோதுமை விதைக்கும் அவசரத்தில் கொளுத்துகிறார்கள். டில்லி வரை புகை மூட்டம். அங்கே அதை அள்ளி ஆலைக்குக் கொண்டுபோவது எல்லோருக்கும் நன்மை. தஞ்சாவூரில் வைக்கோல் அப்படியா? இங்கே அது போர் போட்டு வைத்துக் கோடைக்குக் காப்பாற்றுகிற பொருள். பஞ்சாபில் கழிவாக இருப்பது டெல்டாவில் தீவனம். நாளைக்கு ஒரு கம்பெனி வந்து இங்கேயும் வைக்கோல் ஆலை போடுகிறேன் என்றால், 'இது கழிவுதானே' என்ற பேச்சை நம் விவசாயத் தொழிலாளர்கள் அப்படியே ஒப்புக்கொள்ளக் கூடாது. இந்த ஊரில் இதைத் தின்று உயிர் வாழ்கிற மாடு எத்தனை, அந்த மாட்டை நம்பி இருக்கிற வீடு எத்தனை என்று முதலில் கணக்கெடுக்கச் சொல்ல வேண்டும்.

ஆலைக்குள் போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இம்மாதிரி ஆலைகளில் 180, 200 டிகிரி சூட்டில் நீராவிக் கொப்பரை ஓடும், அமிலம் புழங்கும். புளிக்கிற தொட்டியின் அடியில் கரியமில வாயு தங்கும். அது கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. காற்றைச் சோதிக்காமல் தொட்டியைக் கழுவ இறங்குகிறவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். பசுமை எரிபொருள் என்று போர்டு மாட்டிவிட்டு, உள்ளே காண்டிராக்ட் கூலிகளை முகமூடிகூட இல்லாமல் இறக்குகிற ஆலையை எந்தக் காரணத்துக்காகவும் பாராட்ட முடியாது.

எனவே நம் கோரிக்கை இப்படி: ரேஷனுக்குரிய அரிசி சாராய ஆலைக்குப் போவது நிற்க வேண்டும். அதற்குக் கொடுத்த சலுகையை நாரிலிருந்து எரிபொருள் எடுக்கும் பொதுத்துறை ஆலைகளுக்கும், நம் சொந்த என்சைமைத் தயாரிக்கும் ஆராய்ச்சிக்கும் திருப்ப வேண்டும். பீர் ஆலைச் சக்கையைக் காண்டிராக்டருக்கு ஏலம் விடாமல், அந்த வட்டாரத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகக் கட்டுப்பட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும். மாடு வைத்திருப்பவர்களின் தேவைக்குப் போக மிஞ்சினால், அதுவும் புரதம் பிரித்தபின், எரிபொருளுக்குப் போகட்டும். இந்த வரிசையை மாற்றி எந்தத் திட்டம் வந்தாலும் ஒப்புக்கொள்வதற்கில்லை.

அடுத்த மாதம் அதே ஊரில் மறுபடியும் கூட்டம் வைத்திருக்கிறோம். இந்தப் பதிலைச் சொன்னால் அந்த அம்மாள் அடுத்து என்ன கேட்பார் என்பது நமக்கு இப்போதே தெரியும். டிரம்முக்கு வாரம் ஒரு விலை சொல்கிற சக்கைக் காண்டிராக்டரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். அதற்காகப் பால் சங்கத்துச் செயலாளரையும் நம்மோடு மேடைக்கு அழைத்திருக்கிறோம். ஆலைப் பின்வாசலில் வண்டி ஓட்டுகிற தோழர்கள் நாலைந்து பேர், இந்த மாதத்து விலைகளை ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.